பழைய போர்க்களமும் புதிய கண்ணாடியும்

செஞ்சிக் கோட்டையைச் சுற்றிப் பார்த்துத் திரும்பும் மாணவரை, "அங்கே என்ன கண்டீர்கள்?" என்று வினவினால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: "மூன்று மலைகள், எண்ண முடியாத படிகள், கல்யாண மகால், உச்சியில் நல்ல காற்று." விடையில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்தப் படிகளின்மேல் யார் யார் ஏறினர், யாரைத் தடுப்பதற்காக அம்மதில்கள் எழுந்தன, முற்றுகைக் காலத்தில் உள்ளே இருந்தவர் தண்ணீருக்கு என்ன செய்தனர் என்பவற்றைக் கல் தானாக எடுத்துச் சொல்லுவதில்லை. கேட்கத் தெரிந்தவருக்கே அது பேசும்.

செஞ்சியைப் போல அடிக்கடி கைமாறிய கோட்டை தமிழ்நாட்டில் அரிது. பீசப்பூராரிடமிருந்து 1677 ஆம் ஆண்டில் சிவாஜி அதனைக் கைக்கொண்டார். பின்னர் அவர் மைந்தர் இராசாராம் அங்கே தங்கியிருந்தபோது, மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் ஏறத்தாழ எட்டாண்டுகள் முற்றுகையிட்டு, 1698 இல் உட்புகுந்தார். 1714 இல் தேசிங்கு ராஜன் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானை எதிர்த்துக் களத்தில் மாண்டான். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தார். 1761 ஏப்பிரலில் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. இந்த நெடுங்கதையின் ஒரு பகுதியைக் கருதியே 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் காலத்து இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றபோது, மகாராட்டிரத்துக் கோட்டைகள் பதினொன்றோடு செஞ்சியையும் சேர்த்துக் கொண்டது.

செஞ்சிக்கு இவ்வாறு புகழ் வந்தது. அதன் அக்கம்பக்கத்து ஊர்களுக்கு வரவில்லை. திண்டிவனம் என்ற பெயர் 'திந்திரிணி வனம்', அதாவது புளியங்காடு என்ற சொல்லிலிருந்து வந்தது என்பர். இன்று அதனைப் பேருந்துகளின் சந்திப்பாகவும், விழுப்புரத்தை இரயில்களின் சந்திப்பாகவும் மட்டுமே நாம் அறிவோம். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே, நெடுஞ்சாலையின்மேல் விக்கிரவாண்டி இருக்கிறது. 1752 ஜூலையில் செஞ்சியைப் பிடிக்கப் புறப்பட்ட ஆங்கிலேய மேஜர் கின்னீர், அது இயலாமல் திரும்புகையில், பிரெஞ்சுக்காரரிடம் தோற்றது இங்கேதான். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் பெருமுக்கல் மலை உள்ளது. சோழர் காலக் கல்வெட்டுகளும், அவற்றினும் மிகப் பழைய பாறைச் செதுக்கல்களும் கொண்ட அந்த மலைமேல் ஒரு கோட்டையும் இருந்தது. 1760 இல் அதனைப் பிடிக்க வந்த ஆங்கிலத் தளபதி அயர் கூட் அங்கே குண்டுக் காயம் பட்டார். ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோர் காலத்துப் போர்களிலும் அம்மலை கைமாறிற்று. வடக்கே வந்தவாசி. கடலோரத்தில் ஆலம்பரை. புதுச்சேரிக்கு மேற்கே வழுதாவூர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வல்லரசுகள் இரண்டு இந்தியாவில் எது நிலைப்பது என்று தீர்த்துக் கொண்டது, விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் சுற்றியுள்ள இந்த ஏரிக்கரைகளிலும் கரம்புகளிலுமேயாகும்.

அவற்றுள் பல இன்று தேய்ந்து வருகின்றன. மதில் சரிந்தால் கல் வேறு சுவருக்குப் போகிறது. ஏரி தூர்ந்தால் மனையாகிறது. திண்டிவனத்தைச் சூழ்ந்த பாறைக் குன்றுகள் பல சாலைக்கு வேண்டிய சல்லியாகிக் கொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் காப்பது எந்த அரசுக்கும் இயலாது என்று சொல்லுவர். இருக்கட்டும். காக்க இயலாததை, அழிவதற்கு முன் முற்றும் அளந்து வைக்கவாவது இயலுமா? அளந்து வைத்ததை, நேரில் நின்று பார்ப்பது போலப் பிற்காலத்தவருக்குக் காட்ட முடியுமா? இவ்வினாவிற்கு விடையாகவே 'மெய்நிகர்க் காட்சி' என்னும் புதிய கலை வந்திருக்கிறது. மெய்யன்று, மெய்க்கு நிகரானது என்று அதன் பெயரே சொல்லிவிடுகிறது. அந்தப் பெயரை மறவாதிருப்பது நல்லது. பின்னர் அது நமக்கு வேண்டியிருக்கும்.

இக்கலையின் வேர் நாம் நினைப்பதைவிடப் பழமையானது. நம் இரு கண்களுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு இருக்கிறது. ஆகையால் வலக்கண் காணும் உருவமும் இடக்கண் காணும் உருவமும் சிறிது வேறுபடுகின்றன. ஒரு விரலை முகத்திற்கு நேரே நிறுத்தி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம் பெயர்வது போலத் தோன்றும். இந்த வேறுபாட்டைக் கொண்டே மூளை, 'இது அருகில் உள்ளது, அது தொலைவில் உள்ளது' என்று கணக்கிடுகிறது. 1838 இல் சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கில அறிஞர், சிறிது வேறுபட்ட இரு படங்களை இரு கண்களுக்கும் தனித்தனியே காட்டினால், தட்டையான தாளில் ஆழம் தோன்றும் என்று மெய்ப்பித்தார். நம் பாட்டனார் காலத்து வீடுகளில் இருந்த இரட்டைப்படக் கண்ணாடி அதன் பேரன்.

ஆனால் அக்கண்ணாடியில் தலையைத் திருப்பினால் படமும் கூடவே திரும்பும். அதனால் மயக்கம் கலைந்துவிடும். மெய்யான உலகம் அவ்வாறு செய்வதில்லை. நாம் தலையை இடப்புறம் திருப்பினால் உலகம் வலப்புறமாக நகர்வது போலத் தோன்றுகிறது. 1968 இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்டு என்னும் கணிப்பொறி அறிஞர் இக்குறையை நீக்கும் கருவியைச் செய்து காட்டினார். தலையில் அணியும் அக்கருவியைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. அது காட்டியதும் வெறும் கோடுகளால் ஆன உருவங்களையே. எனினும் தலை எப்பக்கம் திரும்பியது என்பதை அளந்து, அதற்கேற்பப் படத்தைக் கணிப்பொறி வரைந்து கொடுத்தது. இன்றைய தலைக்கருவியும் இதையேதான் செய்கிறது, மிக விரைவாக. நொடிக்குத் தொண்ணூறு முறை அளவில் படத்தைப் புதிதாக வரைகிறது. தலை திரும்பியதற்கும் படம் மாறியதற்கும் இடையே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கிற்கு மேல் தாமதம் ஏற்பட்டால், கண் ஒன்று சொல்ல, காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்ல, பார்ப்பவருக்குக் குமட்டல் எடுக்கும். மலைப்பாதையில் பேருந்துப் பயணம் ஒவ்வாதவர் இதனை எளிதில் விளங்கிக் கொள்வர்.

இனி, செஞ்சி மதிலை இக்கருவிக்குள் கொண்டு வருவது எங்ஙனம்? இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது லேசர் ஒளியைக் கொண்டு அளப்பது. கருவியிலிருந்து புறப்பட்ட ஒளித்துடிப்பு சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. ஒளி, நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் செல்லும். திரும்ப எடுத்துக் கொண்ட காலத்தைக் கணக்கிட்டால் சுவரின் தொலைவு தெரிந்துவிடும். இவ்வாறு இலட்சக்கணக்கான புள்ளிகளை அளந்தால், பனிமூட்டத்தில் கோட்டை தோன்றுவது போலப் புள்ளிகளால் ஆன கோட்டை ஒன்று கணிப்பொறியில் எழுந்து நிற்கும். இரண்டாவது வழி எளியது. ஒரே பொருளைப் பல கோணங்களிலிருந்து, ஒரு படம் அடுத்த படத்தின்மேல் பெரும்பகுதி படியுமாறு, நூற்றுக்கணக்கில் நிழற்படம் எடுப்பது. ஒவ்வொரு படத்திலும் ஒரே புள்ளி எங்கே விழுந்துள்ளது என்று ஒப்பிட்டு, அப்புள்ளி வெளியில் எங்கே இருக்கிறது என்பதைக் கணிப்பொறி கண்டுபிடித்துவிடும். பள்ளியில் நீங்கள் கற்கும் முக்கோணக் கணக்கேதான் இது. அதற்குச் சாதாரணக் கைப்பேசிக் கேமராவும் போதும்.

இவ்வளவையின் பயன் பெரிது. பாரிசு நகரத்து நோத்ர தாம் பேராலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றுப் பேராசிரியர் 2010 இல் லேசரால் அளந்து வைத்தார். 2019 ஏப்பிரலில் அதன் கூரை தீக்கிரையாயிற்று. அளந்தவர் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். ஆயினும் அவர் விட்டுச் சென்ற அளவைகள் மீண்டும் கட்டியவர்க்கு உதவின. நம் நாட்டிலும் குசராத்து மாநிலத்துப் பாட்டன் நகரில் உள்ள 'ராணி கி வாவ்' என்னும் படிக்கிணறு 2011 இல் இவ்வாறே அளந்து வைக்கப்பட்டது.

செஞ்சி இராசகிரிக்கு இக்கலை எவ்வளவு பொருந்தும் என்று எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 240 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் உச்சியை அடையுமுன் ஒரு பிளவு குறுக்கிடுகிறது. சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள அதன்மேல் மரப்பாலம் ஒன்று இருந்தது. பாலத்தை எடுத்துவிட்டால், அப்பால் நிற்கும் பத்துப் பேர் ஒரு படையைத் தடுத்துவிடலாம். சுல்பிகர்கான் ஏன் எட்டாண்டுகள் கிடந்தார் என்பதைப் பத்துப் பக்கம் எழுதி விளக்குவதைவிட, அப்பிளவின் ஓரத்தில் மாணவனை ஒரு நிமிடம் நிற்க வைத்துக் கீழே நோக்கச் செய்தால் போதும். மலையேற இயலாத முதியவரும் காலில் குறையுள்ளவரும் விழுப்புரத்து நூலகம் ஒன்றில் அமர்ந்தபடியே அங்கே நிற்கலாம். இது சிறிய நன்மையன்று.

ஆனால் கல்லை அளப்பது வேறு, போரைக் காட்டுவது வேறு. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

1799 மே மாதத்தில் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் களத்தில் மடிந்தார். அடுத்த ஆண்டே இலண்டன் நகரத்தார் அப்போரின் 'நடுவே' நின்று அதனைப் பார்த்தனர். இராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளம் ஓவியர் சுமார் 120 அடி நீளத் துணியில் அக்காட்சியை வரைந்து, பார்ப்பவரைச் சூழ்ந்து வளையுமாறு நிறுத்தியிருந்தார். கட்டணம் கொடுத்து மக்கள் திரண்டனர். புகையும் வாளும் குருதியும் கண்முன் நின்றன. ஓவியரோ இந்தியாவில் கால் வைத்தவரே அல்லர். பிறர் சொல்லக் கேட்டதையும் படித்ததையும் வைத்துத் தீட்டினார். ஆங்கில அதிகாரிகளின் முகங்கள் அவர்களுக்குரிய முகங்களாக இருந்தன. எதிரே நின்றவர்களுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. அவர்கள் வெறும் கூட்டம். அத்துணி பின்னர் தீயில் எரிந்து போயிற்று. ஆனால் அது பார்வையாளர் மனத்தில் பதித்த எண்ணம் எரியவில்லை. மெய்நிகர்க் காட்சியின் முன்னோர்களுள் ஒன்று என்று அதனைத் தயங்காமல் சொல்லலாம். அந்த முன்னோரிடமிருந்து திறமையைக் கற்கலாம், பழக்கத்தைக் கற்கலாகாது.

நம் பக்கத்துப் போரையே எடுத்துக் கொள்வோம். 1760 ஜனவரி 22 ஆம் நாள் வந்தவாசியில் அயர் கூட்டின் படையும், பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையும் மோதின. பிரெஞ்சுப் படையின் இடப்புறத்திற்கு அரணாக இருந்தது ஒரு வறண்ட குளமும் அதன் கரையும். போரின் நடுவே ஆங்கிலேயரின் பீரங்கிக் குண்டொன்று அக்குளக்கரையில் நின்ற வெடிமருந்து வண்டியில் விழுந்து, சுமார் 80 பேரை ஒரே கணத்தில் வீழ்த்திற்று. அதன்பின் கரை பறிபோயிற்று. பத்தாண்டுகளுக்கு முன் செஞ்சியை வென்ற அதே புஸ்ஸி, குதிரை அடிபட்டுக் கீழே இறங்கிப் போரிடுகையில் சிறைப்பட்டார். உழவர் நீர் தேக்க எடுத்த கரை ஒரு பேரரசின் தலையெழுத்தில் இவ்வாறு இடம்பெற்றது. இதனை மெய்நிகர்க் காட்சியாக்குவது எளிது. வெடி, புகை, குதிரை, செஞ்சட்டை எல்லாம் இருக்கின்றன. இளைஞர் விரும்பிப் பார்ப்பர்.

இச்செய்திகளை நமக்குத் தருபவர் யார்? பெரும்பாலும் இராபர்ட் ஓர்ம் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியர். அவர் நுணுக்கமாக எழுதுபவர், ஐயமில்லை. ஆனால் வந்தவாசிப் போரின்போது அவர் இந்தியாவை விட்டுப் போய்விட்டார். கடிதங்களையும் அறிக்கைகளையும் கொண்டே எழுதினார். அன்று ஆங்கிலேயர் பக்கம் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் நின்றனர், பிரெஞ்சுக்காரர் பக்கமும் நின்றனர். அவர்கள் நம் ஊர்க்காரர். போர் முடிந்ததும் சிப்பாய்களின் தலைவர்கள் கூட்டிடம் வந்து, 'இத்தகைய போரை நாங்கள் கண்டதில்லை' என்ற பொருள்படப் பாராட்டியதாக ஓர்ம் எழுதுகிறார். உண்மையாகவே அவ்வாறு சொன்னார்களா, வேறு எதையேனும் சேர்த்துச் சொன்னார்களா, இரவில் தங்கள் பாசறையில் என்ன பேசிக் கொண்டனர்? அதற்கு ஏடு இல்லை. தலைக்கருவி அணிந்த மாணவன் எவருடைய கண்ணால் களத்தைப் பார்ப்பது? கூட்டின் கண்ணாலா, சிப்பாயின் கண்ணாலா, கரையை எடுத்த ஊராரின் கண்ணாலா? கணிப்பொறி இதனைத் தீர்க்காது. காட்சியை அமைப்பவரே தீர்க்க வேண்டும்.

தமிழில் எழுதப்பட்ட சான்றே இல்லையென்று கருத வேண்டா. புதுச்சேரியில் டூப்ளேயின் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தம் இறுதி நாட்கள் வரை நாட்குறிப்பு எழுதி வந்தார். படை நகர்ந்த செய்தி, வதந்தி, விலைவாசி, ஊரார் அச்சம், தம் மனத்தாங்கல் எல்லாம் அதில் பேச்சுத் தமிழிலேயே இருக்கின்றன. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைவதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் காலமானார். செஞ்சியைப் பற்றி, 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' என்னும் தமிழ் வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் பல சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன. இவற்றுக்கு மேலாகத் தேசிங்கு ராஜன் கதைப்பாடல் இருக்கிறது. அதிலே தேசிங்கின் குதிரைக்குப் பெயருண்டு, இசுலாமிய நண்பனுக்கு நெஞ்சுண்டு, கண்ணீர் உண்டு. ஆண்டும் எண்ணிக்கையும் வேண்டுமானால் நவாபின் ஆவணங்களைப் பார்க்கலாம். தோற்றவன் ஏன் மக்கள் மனத்தில் வென்றான் என்பதற்குக் கதைப்பாடலிடமே வரவேண்டும். மெய்நிகர்ச் செஞ்சியில் கதைப்பாடல் ஒலிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் 'இது பாடல் சொல்வது' என்ற குறிப்போடு ஒலிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் கடினமான காட்சி ஒன்று உண்டு. அது கோட்டைக்குள் நடந்ததன்று.

1760 இன் இறுதியில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தனர். நகருக்குள் உணவு குறைந்தது. நவம்பர் இறுதியில் லாலி, போரிடப் பயன்படாத இந்திய மக்களை நகரை விட்டு வெளியேறக் கட்டளையிட்டார். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகச் சுமார் 1,400 பேர் என்று ஓர்ம் கணக்குத் தருகிறார். வெளியே வந்தவர்களை ஆங்கிலேயர் தம் காவல் எல்லையைக் கடக்கவிடாமல் திருப்பினர். நகரத்தார் மீண்டும் உள்ளே விடவில்லை. இரு படைகளுக்கும் இடைப்பட்ட வெளியில், புல்லின் வேரைத் தின்று, எட்டு நாட்கள் அவர்கள் கிடந்தனர். பிறகே கூட் வழிவிட்டார். புதுச்சேரியைச் சூழ்ந்திருப்பவை இன்று விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள். வழிவிட்டபின் அம்மக்கள் எங்கே போயினர், எத்தனை பேர் பிழைத்தனர்?

இவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது, ஒரு முகமும் தெரியாது. லேசரால் அளப்பதற்கு மதில் இல்லை. செஞ்சிக்குக் கோடி புள்ளிகள் கிடைக்கும், இந்த எட்டு நாட்களுக்கு ஒரு புள்ளியும் கிடைக்காது. ஆகவே கல்லை மட்டும் நம்பிச் செய்யும் மெய்நிகர் வரலாறு, கோட்டை கட்டியவனுடைய வரலாறாகவே முடியும். மற்றொரு பக்கம், கலைஞர் ஒருவர் அழும் தாய்மாரையும் குழந்தைகளையும் தம் கற்பனையால் படைத்து அவ்வெளியில் நிறுத்தலாம். பார்ப்பவர் கண் கலங்குவர். ஆனால் அந்தக் கண்ணீர் கற்பனை முகத்திற்கு உரியதாகிவிடும். என்னைக் கேட்டால், அந்த இடத்தில் உருவங்களே வேண்டா. வெறும் வெளியைக் காட்டுங்கள். ஒரு புறம் பீரங்கி மேடு, மறுபுறம் நகர மதில். இருளில் ஒரு குரல், எஞ்சியிருக்கும் அந்தச் சில வரிச் செய்தியைப் படிக்கட்டும். எட்டு நாட்கள் பகலும் இரவும் மாறுவதை மட்டும் பார்ப்பவர் காணட்டும். இதனினும் மேலாகச் செய்யத் தெரிந்தவர் செய்யலாம். ஆனால் தெரியாத முகத்தைத் தெரிந்ததாகக் காட்டுவது மேலான செயல் ஆகாது.

இத்தகைய அறத்தை அறிஞர் உலகம் முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறது. கணிப்பொறியால் பழமையைக் காட்டுவோர்க்கென 2006 இல் 'லண்டன் சாசனம்' என்னும் நெறிமுறை வகுக்கப்பட்டு, 2009 இல் திருத்தி வெளியிடப்பட்டது. காட்டப்படுவனவற்றுள் இன்று எஞ்சியுள்ளது எது, சான்றைக் கொண்டு மீட்டது எது, ஊகித்தது எது என்பதைப் பார்ப்பவர் அறியச் செய்ய வேண்டும் என்பதும், ஏன் அவ்வாறு ஊகித்தோம் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்பதும் அதன் உயிர்நிலை. அருங்காட்சியகத்தில் உடைந்த தாழியை ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காணாமற்போன துண்டு இருந்த இடத்தை வேறு நிறச் சாந்தால் நிரப்பியிருப்பார்கள். தாழியும் முழுமையாகத் தோன்றும், எது பழையது எது புதியது என்பதும் தெரியும். அதே முறையை இங்கும் கொள்ளலாம். அளந்த மதில் தன் இயல்பான நிறத்தில் இருக்கட்டும். ஓர்ம் நூலின் வரைபடத்தைக் கொண்டு எழுப்பிய பகுதி சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். ஊகமாயின் வெறும் கோடுகளாக இருக்கட்டும், சதர்லண்டு 1968 இல் காட்டினாரே, அதுபோல. விக்கிரவாண்டிப் போர்க்களத்தைக் காட்ட நேர்ந்தால் பெரும்பகுதி கோடாகவே இருக்கும். அதனால் என்ன?

பாதுகாப்பதைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். ஓலைச்சுவடி நன்கு பேணினால் சில நூற்றாண்டுகள் இருக்கிறது. இருபதாண்டுகளுக்கு முன் தகட்டில் பதித்த படங்களை இன்று திறந்து பார்க்கக் கருவி தேடி அலைகிறோம். ஆகவே அளவைகளை ஒரே இடத்தில், ஒரே நிறுவனத்தின் பூட்டுக்குள், அந்நிறுவனம் மட்டும் படிக்கவல்ல வடிவத்தில் வைப்பது கோட்டையை மணல்மேல் கட்டுவதை ஒக்கும். பல நூலகங்களில், எவரும் திறக்கவல்ல பொது வடிவத்தில், அளந்த நாளும் இடமும் குறித்து வைப்பதே முறை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றிப் படியெடுக்கவும் வேண்டும். நம் முன்னோர் சிதைந்த ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியதும் இதற்காகவே.

இதுவரை பேசியவை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய போர்கள். அண்மைப் போர் ஒன்றும் இருக்கிறது. முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்துவிட்ட உளுந்தூர்ப்பேட்டைக்கருகே, இரண்டாம் உலகப் போரின்போது அமைத்த விமானத் தளத்தின் ஓடுபாதை இன்றும் கிடக்கிறது. 1942 ஏப்பிரலில் சப்பானியர் தாக்குவர் என்ற அச்சத்தால் சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினர். அவ்வாண்டு பர்மாவிலிருந்து நடந்தே தாயகம் சேர்ந்த தமிழர் பலர். ஓடுபாதையை எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம். அப்போது பத்து வயதாயிருந்தவருக்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. மதிலைவிட விரைவாக மறைவது அவர்கள் நினைவு. யூத இனப் படுகொலையிலிருந்து பிழைத்தவர்களின் வாய்மொழியைத் திரட்ட அமெரிக்காவில் 1994 இல் தொடங்கிய ஷோவா நிறுவனம், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் சான்றுரைகளைப் பதிந்து வைத்துள்ளது. அவர்களுள் சிலரைப் பல கேமராக்களின் நடுவே அமர்த்தி நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு விடை பெற்றதனால், இன்று மாணவர் கேட்கும் கேள்விக்கு அவர் உருவமே விடை சொல்லுகிறது. அவ்வளவு பெரிய ஏற்பாடு நமக்கு இப்போது வேண்டா. கைப்பேசியில் ஒலியைப் பதியத் தெரிந்தால் போதும். பாட்டனாரிடம் 'போரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் அவர் செய்தித்தாளில் படித்ததைச் சொல்லுவார். 'அந்த ஆண்டு அரிசி எங்கே வாங்கினீர்கள்? யார் வீட்டில் வெளியூரார் வந்து தங்கினர்? இரவில் விளக்கை எப்படி மறைத்தீர்கள்?' என்று கேட்டால் தாம் கண்டதைச் சொல்லுவார். பேசியவரின் இசைவைப் பெற்று, ஊர்ப்பெயரும் நாளும் சேர்த்துக் குறித்து வையுங்கள்.

இவ்வளவையும் கேட்ட கல்லூரி மாணவர் சிலர் தாமே ஒரு குன்றையோ மதிலையோ அளந்து பார்க்க விரும்பலாம். செஞ்சி போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் முக்காலியை ஊன்றவும், ஆளில்லா வானூர்தியைப் பறக்கவிடவும் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். முதற் பயிற்சிக்குப் பெருமுக்கல் போன்ற சிறிய மலை ஏற்றது. ஆனால் அங்கும் உரியவரைக் கேட்டே தொடங்க வேண்டும். தரையில் அடிக்கோல் ஒன்றைப் படத்தில் விழுமாறு வையுங்கள், இன்றேல் கணிப்பொறிக்குப் பாறை எது, கூழாங்கல் எது என்று தெரியாது. பாறைச் செதுக்கல்களின்மேல் சுண்ணாம்போ மையோ பூசித் தெளிவாக்க முயல வேண்டா, அது அழித்தலாகும். நேர் உச்சி வெயிலும் உதவாது. கருநிழல் விழுந்த இடத்தில் கணிப்பொறி ஓட்டையைக் காணும். மேகம் மூடிய நாளே சிறந்தது. புரட்டாசி முடியும் தறுவாயில், மழைக்கு முன், திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் காலைப் பேருந்தில் ஏறினால் பெருமுக்கலில் இறங்கிக் கொள்ளலாம். குடிநீரைக் கையோடு கொண்டு போங்கள்.